பெயரை மட்டும் மறைத்த செய்தி

ஐம்பது வயதுக்கு மேல் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து பாடம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. கோவில்பட்டியில் இருபது வருடமாகப் பகுதிநேர நிருபர் நான். மதுரையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து, உள்ளூர் நிருபர்களுக்குப் புலனாய்வுச் செய்தி எழுதக் கற்றுத் தருகிறோம் என்றபோது மத்தியானச் சாப்பாட்டை நம்பித்தான் போனேன். பாடம் எடுத்தவளுக்கு என் மகள் வயது. மூன்று நாளும் ஒரு கையில் மைக், மறு கையில் கடலை மிட்டாய். "ஃபோன்ல கேட்டதை நேர்ல பாத்த மாதிரி எழுதாதீங்கண்ணே" என்று என்னைப் பார்த்தே சொன்னாள். எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான்.

பயிற்சி முடிந்தும் அவள் விடவில்லை. எழுதியதை அச்சுக்கு முன்னால் அனுப்பினால் படித்துப் பார்ப்பாள், வக்கீலிடமும் காட்டுவாள். அந்தத் தைரியத்தில்தான், எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் விஷயத்தைத் தொட்டேன்.

பசுவந்தனைப் பக்கமிருந்து அங்கே வேலைக்கு வரும் ஒரு அக்கா சொன்னது அது. வேலை நேரத்தில் பின்வாசலைப் பூட்டிவிடுகிறார்களாம். தீப் பிடித்தால் அத்தனை பெண்களும் ஓட ஒரே வாசல்.

"நாஞ்சொன்னேன்னு தெரிஞ்சா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருவாவ அண்ணாச்சி. மக படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் கெடக்கு" என்றார்.

செருப்பில் கரிசல் மண் அப்ப, பின்பக்கக் காட்டு வழியாக இரண்டு நாள் போய்ப் பூட்டை நேரிலேயே பார்த்தேன். படமும் எடுத்தேன். பிறகு உட்கார்ந்து, உருகி உருகி எழுதி அனுப்பினேன். அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மறுநாள் காலையில் பாடம் எடுத்த பிள்ளை ஃபோனில் கூப்பிட்டாள். "நல்லா இருக்குண்ணே. ஆனா யாரைப் பத்தின்னு சொல்லாம வீட்டுல ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க. நான் வெளியூர்க்காரி, எனக்குப் புரியாது."

என் மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாலு வரிதான் வாசித்திருப்பேன்.

"கையில தீக்காயம், மக நர்சிங் படிக்கா, பசுவந்தனை வண்டியில வாராவ... பூக்கடை பக்கத்துல பஸ்ஸுக்கு நிப்பாவளே, அவியதான?"

வாசிப்பதை நிறுத்தினேன். "அவிய பேரு உனக்குத் தெரியுமா?"

"பேரு யாருக்குத் தெரியும்? ஆளத் தெரியும்லா."

எங்கள் ஊரில் யாரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதில்லை. கையில் வடு, பிள்ளை படிக்கும் படிப்பு, ஏறும் பஸ், அவ்வளவு போதும். இது தெரிந்தும், யாருக்கும் தேவைப்படாத பெயரை மறைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

செய்தியிலிருந்து வடு போனது, மகள் போனாள், பஸ் போனது. நான் ஆசை ஆசையாக எழுதிய வரிகள் அவை. மிஞ்சியது நான் பார்த்த பூட்டும், அதைப் பற்றிக் கேட்டதற்கு ஆபீஸ் முதலாளி சொன்ன "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்ற பதிலும். செய்தி பதினொரு வரியில், விளம்பரத்துக்குக் கீழே ஒண்டிக்கொண்டு வந்தது. முதல் ஆளாக அந்தப் பிள்ளைதான் வாழ்த்து அனுப்பியிருந்தாள், ஒரு கடலை மிட்டாய்ப் படத்தோடு.

பத்து நாள் கழித்து, வேறு வேலையாகச் சாயங்காலம் பசுவந்தனை பஸ்ஸில் போனேன். அக்கா ஏறினார். என்னை ஏறிட்டும் பார்க்காமல் முன் சீட்டில் உட்கார்ந்தார். வேலை போய்விட்டதோ என்று அவர் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்துப் பெண்ணிடம், பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தார்.

"எங்க ஆபீஸ்ல இப்பம் பின்வாசலத் தொறந்தே போட்டிருக்காவ. காத்து என்னமா வருது!"

"பேப்பர்ல வந்துச்சாமே. யாரு சொன்னாவளாம்?"

"யாரு கண்டா?" என்றார் அக்கா.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.