மாலதி பார்த்த வெற்றுக் கட்டம்

செவ்வாய்க்கிழமை காலை குரோய்டன் ட்ராமில் இருந்தபோது மாலதியின் கணவர் ரவி அழைத்தார். "அண்ணை, மாலதி விடியப் போயிட்டா" என்றார். அடுத்த தரிப்பில் இறங்கி, அங்கிருந்த வாங்குப் பலகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதமாக மருத்துவமனையில் இருந்தவர்தான். ஆனாலும் நாற்பத்தொரு வயதுக்காரரின் சாவுக்கு மனம் ஆயத்தமாக இருக்கவில்லை.

எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் அவருக்கு என் பக்கத்து மேசை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஜெர்மனியில் படித்து வந்தவர். கோபம் வந்தால் ஜெர்மன் மொழியில் பத்துவரை எண்ணுவார்.

ஒருமுறை, ஒரு சிறுநீரக சிகிச்சை நிலையத்தின் பதிவுகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றும் வேலை வந்தது. பழைய அமைப்பில் இரத்தப் பரிசோதனை முடிவுகள் எழுத்துகளாகச் சேமிக்கப்பட்டிருந்தன. அவற்றை எண்களாக மாற்றும் நிரலை நான் எழுதினேன். மறுநாள் எல்லாம் இயங்கத் தொடங்கவேண்டும். மதியம் மாலதி தன் கதிரையை என் பக்கம் இழுத்தார்.

"அண்ணை, இந்த அம்மாவுக்கு முடிவு பூச்சியம் எண்டு கிடக்கு. பழைய பதிவிலை அந்தக் கட்டம் வெறுமை. அவவுக்கு டெஸ்ட்டே எடுக்கேல்லை."

வெற்றுக் கட்டங்களையெல்லாம் என் நிரல் பூச்சியமாக்கியிருந்தது. யாரை முதலில் கவனிப்பது என்று மருத்துவர்களுக்குக் காட்டும் பட்டியலில், பரிசோதனை அளவு கூடியவர்களே மேலே வருவார்கள். பரிசோதிக்கப்படாதவர்களோ ஆபத்தில்லாதவர்களாகக் கடைசிக்குப் போயிருந்தார்கள்.

"கொஞ்சப் பேர்தானே. அடுத்த கிழமை சத்தமில்லாமல் திருத்துவம்" என்றேன். இதை எழுத இன்றும் கூசுகிறது.

"ஏலாது அண்ணை. பூச்சியம் எண்டால் பாத்தாச்சு, ஒண்டுமில்லை எண்டு அர்த்தம். வெறுமை எண்டால் இன்னும் ஆரும் பாக்கேல்லை." பிறகு குரலைத் தணித்தார். "நீங்களே மனேஜரிட்டைச் சொல்லுங்கோ. நான் பக்கத்திலை நிக்கிறன்."

நின்றார். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை ஒரு வாரம் தள்ளிப்போனது. சிகிச்சை நிலையம் விடுபட்டவர்களை அழைத்துப் பரிசோதித்தது. மாலதி காட்டிய அந்த அம்மாவை, முடிவு வந்த அன்றே வார்டில் சேர்த்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

இறுதிக் கிரியை முடிந்து மோர்டனில் அவர்கள் வீட்டில் இருந்தபோது ரவி என் கையைப் பிடித்தார். "உங்கடை பிழையை நீங்களே கண்டுபிடிச்சு, எழும்பிச் சொன்னனீங்களாம். மாலதி எத்தனை தரம் சொல்லியிருப்பா!" அத்தனை பேர் நடுவில் அதை நான் திருத்தவில்லை.

நேற்று ரவியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். மாலதியை அறிந்த உங்களுக்கும் சொல்கிறேன்: கண்டுபிடித்தவர் அவர், நான் மறைக்கப் பார்த்தேன். மனேஜரின் அறையில் அவர் பேசாமல் என் தோளருகே நின்ற அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இருக்கிறது.