இரண்டு புள்ளி குறைத்து

பிரிட்ஜ் ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவன்தான் கூட்டாளி. அவனிடம் பேசக் கூடாது, கண்ணைக் காட்டக் கூடாது. கையில் இருப்பதை ஏல அட்டைகளை வைத்து மட்டுமே சொல்ல வேண்டும். என் கூட்டாளி என்னோடு படித்தவன்; விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். கடையில் வாரம் முழுக்கப் பேசுகிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் வாயை மூடி உட்கார்வதே ஓய்வு.

கணக்கு எளிது. ஏஸுக்கு நான்கு புள்ளி, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஜாக்கிக்கு ஒன்று. அவன் ‘ஒரு நோட்ரம்ப்’ அட்டையை வைத்தால், துருப்பு இல்லாமல் ஆடலாம், என்னிடம் பதினைந்திலிருந்து பதினேழு வரை இருக்கிறது என்று பொருள். பதில் அட்டையாக நான் நேரே நான்கை வைத்தால் அது கேள்வி: பதினைந்தா, பதினேழா? பதினைந்தென்றால் அவன் பாஸ் போட்டு நிற்க வேண்டும். பதினேழென்றால் ஆறுக்குப் போக வேண்டும். ஆறு என்பது பதின்மூன்று சுற்றில் பன்னிரண்டை ஜெயிப்போம் என்ற சவால். அதற்கு இரண்டு கையும் சேர்ந்து முப்பத்து மூன்றாவது தேறவேண்டும்.

கிளப்பிலிருந்து ஒரே ஒரு ஜோடியைத் திருச்சிப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தார்கள். அந்த இடத்துக்கு நாங்களும், மிஷன் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்த ஒரு கணவன் மனைவியும் முட்டிக்கொண்டிருந்தோம். எனக்குத் திருச்சி கட்டாயம் வேண்டும். இன்ஜினியரிங் முடித்து எல்லா இன்டர்வியூவிலும் திருப்பி அனுப்பப்பட்டிருந்த நேரம். யாராவது, எதற்காவது என்னைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றிருந்தது.

சிக்கல் என்னவென்றால், நான் நான்கை வைத்துக் கேட்டபோதெல்லாம் அவன் பாஸ் போட்டான்.

“பதினேழ வச்சுக்கிட்டு ஏன் மாப்ள பாஸ் போட்ட?”

“அம்புட்டு இருக்குன்னு எப்படி மாப்ள சொல்றது?”

“அதத்தானடா கேட்டேன்?”

“கேட்டா? கேட்டா உடனே சொல்லிருவாகளா?”

எனக்கு இது அவன் கடைக்குப் போனபோதுதான் விளங்கியது. தீபாவளிக் கூட்டம். நிற்க இடமில்லை. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “யாவாரம் எப்படிண்ணே?” என்றார். அவன் அப்பா துணி கிழிப்பதை நிறுத்தாமல், “ஏதோ ஓடுதுண்ணே” என்றார். தன் கடையிலும் கூட்டம் பிதுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர், துக்கம் விசாரிக்க வந்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு அவன் பத்தொன்பது புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு நோட்ரம்ப் என்றான். என்னிடம் பதினான்கு. அவனிடம் பதினேழே இருந்தாலும் சேர்த்து முப்பத்தொன்றுதான் என்று மூன்றோடு, அதாவது ஒன்பது சுற்றோடு, நிறுத்தினேன். பன்னிரண்டு சுற்று ஜெயித்தோம். எல்லா மேசைக்கும் ஒரே சீட்டுகள்தான் வரும்; மற்ற மேசைகளில் ஆறு கேட்டு, அதே பன்னிரண்டுக்கு எங்களைவிட அதிகம் வாங்கியிருந்தார்கள்.

“ரெண்டு புள்ளிதான மாப்ள கூட?” என்றான்.

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். இவன் என்ன சொன்னாலும் இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவன் கடையில் விலை சொன்னால் குறைத்துக் கேட்பதில்லையா, அதைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் இரண்டு குறைப்பான்.

கடைசி ஞாயிறு, கடைசி ஆட்டம். எதிரிகள் அந்த ஆசிரியத் தம்பதிதான். அவன் ஒரு நோட்ரம்ப் வைத்தான். என்னிடம் மறுபடியும் பதினான்கு. அவன் சொல்வதோடு இரண்டைக் கூட்டி, நான்கை வைத்தேன். அவன் சீட்டைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தான். பிறகு ஆறை வைத்தான். பையன் தேறிவிட்டான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆடவேண்டியவன் அவன். விதிப்படி நான் என் சீட்டுகளை மேசையில் பரப்பினேன். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, பதினாலுதானா?”

“ஆமா டீச்சர்.”

“சரி” என்றார், மிகவும் அன்பாக.

பதினொரு சுற்று வந்தது. சவாலுக்கு ஒன்று குறைந்தது; ஜெயித்த பதினொன்றுக்கும் மதிப்பில்லை. மற்றவர்கள் மூன்றில் நின்று அதே பதினொன்றை எடுத்திருந்தார்கள். திருச்சிக்கு டீச்சரும் சாரும் போனார்கள்.

மாடிப்படியில் இறங்கும்போது அவன் கேட்டான்: “எங்கிட்ட பதினேழு மாப்ள. இருக்குறத அப்படியே சொன்னேன். எம்புட்டுக் கஷ்டப்பட்டு ஆறப் போட்டேன் தெரியுமா? நீ பதினால வச்சுக்கிட்டா நாலு போட்ட?”

“நீ ரெண்டு கொறச்சுத்தான சொல்லுவ?”

“இன்னைக்குத் திருந்திட்டேன்ல?”

“அத நான் எப்படிறா கண்டேன்?”

வண்டியில் அவனைக் கடைக்குக் கொண்டுவந்தேன். இறங்கியதும் பக்கத்துக் கடைக்காரர், “என்ன தம்பி, யாவாரமெல்லாம் எப்படி?” என்றார். திருந்திய வேகம் இன்னும் குறையவில்லை போல. “இந்த வருசம் ரொம்ப நல்லாருக்குண்ணே” என்றான். அந்த மனிதர் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பா கத்திரியைக் கீழே வைத்தார். “தம்பி, இனிமே இவன அந்தக் கிளப்புக்குக் கூப்பிடாதீக” என்றார் என்னிடம்.

அடுத்த ஞாயிறு காலையில் அவன் என் வீட்டு வாசலில் நின்றான். இனி மேசையில் இரண்டு பேரும் உள்ளதை உள்ளபடி சொல்வதென்று பேசிக்கொண்டோம். கடையில் என்ன சொல்லிவிட்டு வந்தான் என்று கேட்டேன்.

“சும்மா இந்தப் பக்கம் போயிட்டு வாரேன்னேன்.”