பெயர் ஒட்டிய டேப்புகள்

எங்கள் பங்குக் கோவிலின் ஈஸ்டர் பூசை வீடியோக்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை அது செத்துப் போனது. அலுவலகத்தில் கணினி பார்க்கிறவன் என்பதால் பழி என் தலையில் விழுந்தது. "இனிமே ஒண்ணும் தொலையக் கூடாது, உங்க பொறுப்பு" என்று ஃபாதர் ஒரு தொகையைக் கொடுத்தார். அதற்கு மேல் கிடையாது.

கணினித் தகவல் பதிகிற காந்த டேப்பில் நகல் எடுத்து பீரோவில் வைத்தால் பல வருஷம் கெடாது. லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிட்டபடி நாப்கினில் கணக்குப் போட்டேன். டேப்பில் எழுதுகிற கருவியான டிரைவில் பெரியதன் விலை மயக்கம் வரவழைத்தது, ஆனால் அதன் டேப் ஒன்றில் ஏகப்பட்டது கொள்ளும். பழைய மாடல் டிரைவ் மலிவு, டேப்தான் கொஞ்சமாகக் கொள்ளும். டேப் நிறைய வாங்குகிறவனுக்குத்தான் பெரியது லாபம். எங்களுக்கு ஆறு போதும். வாரம் ஒன்றில் எழுதி, ஏழாவது வாரம் மறுபடி முதல் டேப்பையே அழித்து எழுதலாம். மலிவு டிரைவை வாங்கிவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறு டேப்பை மக்கள் கொடுக்கட்டும் என்று ஃபாதர் பூசையில் அறிவித்தார். முதலில் வந்தவர் பிடோக் வட்டாரத்தில் இருக்கும் ஓர் அக்கா, ஓய்வுபெற்ற நர்ஸ். "எங்க வீட்டுக்காரர் பேரை மேல ஒட்டுவீங்களா தம்பி?" எங்கள் கோவிலில் பெஞ்சு, ஃபேன், வாட்டர் ஃபில்டர் எல்லாவற்றிலும் இறந்தவர் பெயர் உண்டு. ஒட்டினேன். மற்ற ஐந்தும் பெயரோடுதான் வந்தன.

ஏழாவது ஞாயிறு, வாய் சும்மா இருக்காமல் அக்காவிடம் அவர் டேப்பை அழித்து எழுதப் போகும் விஷயத்தைச் சொன்னேன். கோப்பிக் கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அவர் ஞாபகமா குடுத்ததை அழிக்கப் போறீங்களா?"

"உள்ள இருக்கிறதை மட்டும்தான்க்கா."

"உள்ள இருக்கிறதுக்குத்தானே தம்பி குடுத்தேன்."

மற்ற ஐந்து குடும்பமும் அதையே சொன்னது. அழிக்கக் கூடாதென்றால் வாரம் ஒரு புது டேப், புதுப் பெயர். இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளுக்கு மட்டும் பதினொன்று வந்தன. பீரோ கதவு மூட மாட்டேன் என்றது. அத்தனை டேப் விலைக்குப் பெரிய டிரைவே வந்திருக்கும். நாப்கினில் நான் இறந்தவர்களைச் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

அடுத்து மலிவு டிரைவ் டேப்பை விழுங்கிக்கொண்டு துப்ப மறுத்தது. புது டிரைவுக்கு யாரும் முன்வரவில்லை. டேப்புக்குள் பூசையாவது இருக்கும், உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியில் யார் பெயர் போடுவார்கள்? இரண்டு வாரம் நகலே இல்லாமல் போனது. கணினி கொஞ்சம் முனகினாலும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

மூன்றாவது ஞாயிறு அதே அக்கா ஒரு கவரை நீட்டினார். "பெரிய டிரைவே வாங்குங்க. நானும் பிள்ளைங்களும் சேர்த்தது. எங்கம்மா பேர் போட்டா போதும்."

கண் கலங்கிவிட்டது. கையும் நீட்டிவிட்டேன். அப்புறம்தான் பயம் வந்தது.

"அக்கா, இது அஞ்சாறு வருஷத்துல கெட்டுப் போகும். அப்ப தூக்கிப் போட விடுவீங்களா?"

அக்கா கவரை என் கையில் திணித்தார்.

"நான் உயிரோட இருந்தா விட மாட்டேன்லா" என்றார். "இல்லன்னா என் பேர்ல புதுசு வாங்கிக் குடுக்கச் சொல்லி பிள்ளைங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்."