தானாகத் திறந்த டிக்கி: கலகெதரவுக்கு ஒரு கார் பார்க்கும் பயணம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் முழங்கால். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கண்டியிலிருந்து குருநாகலில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் காரோட்டிப் போகிறேன். நாற்பத்திரண்டு கிலோமீற்றர், மூன்று சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, பின்னால் நடந்து, சாவி போட்டு டிக்கியைத் திறந்து காட்டி, மூடிவிட்டு மறுபடி ஏறவேண்டும். முப்பத்தொரு வருடம் கரும்பலகை முன்னால் நின்று தேய்ந்த கால் இது. "இப்படியே ஏறி இறங்கினா கார் ஓட்டுறதயே விட வேண்டி வரும் டீச்சர்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

விட மனமில்லை. இருக்கையில் இருந்தபடியே ரிமோட் சாவியின் பொத்தானை அழுத்தினால் டிக்கி திறக்கும் கார் ஒன்று கலகெதரவில் விற்பனைக்கு இருப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன். சின்ன உடல், பெரிய எஞ்சின், மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு. இளைஞர்கள் 'ஹொட் ஹட்ச்' என்பார்கள். 2007 பெப்ரவரி, இரண்டாவது சனிக்கிழமை புறப்பட்டேன்.

என் கார் கராஜில் கிடந்ததால் பஸ் பயணம். துணைக்கு என்னோடு படிப்பித்த சிவபாலன் சேர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணித ஆசிரியர். தன் இருபது வருடக் காரைத் தானே கழற்றிப் பூட்டுபவர். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் காலை 8.50க்குக் குருநாகல் பஸ். கலகெதரவுக்கு ஆளுக்கு இருபத்துநான்கு ரூபாய், பதினெட்டுக் கிலோமீற்றர். கட்டுகஸ்தோட்டை தாண்டும்வரை நின்றுகொண்டே போனோம். பிறகு இடம் கிடைத்தது, விவாதமும் தொடங்கியது.

"துவாரத்தில போட்டுத் திருப்பினா அது சாவி. இது என்ன, ரேடியோவோ?"

"ரேடியோ அலைதான் சேர். ஸ்கூல் பெல் மாதிரி நெனைச்சுக்கோங்க. அந்தப் பெல் தெரிஞ்ச பிள்ளைதான் எழும்பும். அந்தக் கார் மட்டுந்தான் திறக்கும்."

"பெல் அடிக்க முன்னமே எழும்பி ஓடின பிள்ளையளையும் கண்டிருக்கிறன். சரி, பற்றரி செத்தால்?"

கேட்க வேண்டியவற்றின் பட்டியலில் அதையும் குறித்துக்கொண்டேன்.

9.45க்கு இறங்கினோம். உரிமையாளர் ரவூப்பின் இரும்புச் சாமான் கடை பஸ் தரிப்பிடத்திலிருந்து நூறு மீற்றர். வாசலில் சிவப்புக் கார். ரவூப்பின் பேச்சில் 'இருக்கு' என்பது 'ஈக்கி'.

"வாங்க டீச்சர், வாங்க சேர். கார் அப்பிடியே ஈக்கி, பாருங்க. கொழும்பால ஒருத்தர் ரெண்டு மணிக்கு வாராரு. மொதல்ல வந்தவங்களுக்குத்தான் நான் குடுப்பேன்."

நான்கு மணி நேரம் இருந்தது. எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கிவைக்க வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன். பொனெட்டைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. நல்ல அறிகுறி. குளிர்ந்த எஞ்சின் முதல் முறையிலேயே பிடித்தது, நீலப் புகை இல்லை. மீற்றர் அறுபத்துநாலாயிரம் காட்டியது. பெடல் இறப்பரும் அவ்வளவே தேய்ந்திருந்தது. பெடல் வழுவழுத்து மீற்றர் குறைவாகக் காட்டினால் கவனம்: அட்டை புதிதாக இருந்து கொப்பியின் மூலைகள் கிழிந்திருந்தால் யாரோ அட்டை மாற்றியிருக்கிறார்கள், மீற்றரும் அப்படித்தான்.

சிவபாலன் சேர் தன் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருந்த மாம்பழ வடிவக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். தகரமென்றால் ஒட்டும், இடிபட்ட குழியைப் பட்டிப் பசையால் நிரப்பியிருந்தால் விழும். இடது பின் சக்கரத்துக்கு மேலே மாம்பழம் விழுந்தது.

"இதில பட்டி வைச்சிருக்கு, தம்பி."

ரவூப் தலையைச் சொறிந்தார். "வீட்டு கேட் தூண்ல பட்டது சேர். நாந்தான் இடிச்சேன். கேட்டா சொல்லாம ஈப்பேனா?"

"கேளாமலே சொல்லியிருக்கலாம்" என்றார் சேர். ஆனாலும் அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

ரிமோட் இரண்டும் வேலை செய்தன, இருபத்திரண்டு அடி வைத்து நடந்த தூரம்வரை. பற்றரி செத்தால் ரிமோட்டுக்குள் மடிந்திருக்கும் சாவியை இழுத்துத் திறக்கலாம். சேர் அதை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "சாவி எண்டா இதுதான்" என்றார்.

கண்டிப் பக்கமாக ஓட்டிப் பார்த்தோம். நான் ஓட்ட, சேர் பக்கத்தில், ரவூப் பின்னால். மேட்டு வளைவுகளில் கால் வைத்தவுடனேயே அது ஏறிய விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டுகிறவளுக்கு அறுபத்திரண்டு வயது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

கட்டுகஸ்தோட்டைக்குக் கிட்டச் சாவடி. டிக்கியைத் திறக்கும்படி சிங்களத்தில் சொல்லிவிட்டுச் சிப்பாய் பின்னால் போனார். இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவள் நான். எதுவும் சொல்லாமல் பொத்தானை அழுத்தினேன். பின்கதவைத் தூக்கும் தண்டுகள் பலமானவை. 'டப்' என்று கதவு அவர் முகத்துக்கு முன்னால் எழும்பியது.

அவர் பாய்ந்து விலகித் துப்பாக்கியை நீட்டினார். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் ஓடிவந்தார்.

"டீச்சர், அதைக் கீழ விடுங்கோ. ரெண்டு கையையும் மேல வையுங்கோ." சிவபாலன் சேரின் குரல் மிகவும் மெதுவாக இருந்தது. அவருடைய கைகள் ஏற்கெனவே டாஷ்போர்ட்டின் மேல் இருந்தன.

யுத்தம் நடக்கும் இந்நாட்களில் ஆளில்லாமல் ஒன்று திறந்தால், கையில் ரிமோட் இருந்தால், அதற்குக் குண்டு என்று வேறு அர்த்தம் உண்டு. ஊரே அறிந்ததை நான் மறந்திருந்தேன். அடையாள அட்டைகளை வாங்கினார்கள். சேரின் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததை இரண்டு முறை வாசித்தார்கள். டிக்கியில் இருந்தது ரவூப்பின் வீட்டுக்குப் போகவேண்டிய ஒரு பலாக்காய். ரவூப் சிங்களத்தில் விளக்கிக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து நிமிடம் போனது.

கடைசியில் அந்தச் சிப்பாய் ஜன்னலருகே வந்து, ஏன் இப்படியொரு டிக்கி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முழங்காலைக் காட்டிச் சொன்னேன். தன் தாய்க்கும் அதே முழங்கால் வருத்தம் என்றார். பிறகு, எட்ட நின்று, மறுபடி அழுத்தச் சொன்னார். மூன்று தரம் அழுத்தினேன். மூன்றாவது தரம் அவர் சிரித்துவிட்டார். இனிமேல் ரிமோட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்டிச் சொன்ன பிறகே அழுத்தவேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் சேர் பெல் விவாதத்தை மறுபடி தொடங்கினார்.

"பெல் அடிச்சா பிள்ளை எழும்பும் எண்டியள். சிப்பாயின்ர துவக்கும் எல்லோ எழும்பினது!"

காரை வாங்கினேன். விலையை எழுதமாட்டேன், தங்கை இதைப் படிக்கிறாள். பின்கதவுத் தண்டுகளை மெதுவானவையாக ரவூப் தன் செலவில் மாற்றித் தந்தார்.

கார் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போங்கள், காந்தம் கொண்டுபோங்கள், இரண்டு ரிமோட்டையும் கேட்டு வாங்குங்கள். அடையாள அட்டை சட்டைப்பையிலேயே இருக்கட்டும். சாவடியில் வாய் முதலில், விரல் பிறகு.

நேற்று செவ்வாய்க்கிழமை. முதல் சாவடியில் அதே சிப்பாய். ரிமோட்டை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, பெருவிரலால் காற்றில் அழுத்திக் காட்டினார். அழுத்தினேன், கதவு மெதுவாக எழும்பியது. பார்த்துவிட்டு அவரே மூடினார். அடுத்த சாவடியில் தெரியாத முகம். சாவியை இழுத்தெடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாவதில் ஆளே இருக்கவில்லை. மூன்று முறை இறங்கிய பயணத்தில் நேற்று ஒரு முறைதான் இறங்கினேன். குருநாகலில் தங்கை, "என்னக்கா, இன்னைக்கு நொண்டலயே?" என்றாள்.