காரைக்கால் ராஜா

நாற்பத்திரண்டாம் வருஷம் அரியலூர் ரயில் பாதையோரம் தந்திக் கம்பிகளை அறுத்துவிட்டுச் சித்தப்பா தலைமறைவானபோது எனக்கு எட்டு வயது. உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும் அப்பா செய்த முதல் காரியம், உள்ளறையில் கிடந்த ராஜா படத்தைத் துடைத்துக் கூடத்தில் மாட்டியதுதான்.

காரைக்காலில் ஒரு வெள்ளைக்கார நீதிபதி வீட்டு ஏலத்தில் சித்தப்பா எடுத்துவந்த படம் அது. செப்புத் தகட்டில் செதுக்கிக் காகிதத்தில் அச்சடித்தது. தோளில் புரளும் சுருட்டை முடி, மார்பில் இரும்புக் கவசம், கழுத்தில் பூவேலைத் துணி. கன்னத்து நிழல்கூட மயிரிழைக் கோடுகள்தான். காரைக்கால் ராஜா என்று நான் அவருக்குப் பெயர் வைத்திருந்தேன். வெள்ளைக்கார ராஜாவைக் கூடத்தில் வைத்திருக்கும் குடும்பத்தைப் போலீஸ் சந்தேகப்படாது என்று அப்பா நம்பினார்.

வந்த இன்ஸ்பெக்டர் படித்தவர். படத்தின் அடியிலிருந்த எழுத்துகளை நிதானமாகப் பார்த்தார்.

“இவரு நம்ம ராஜா இல்லீங்களே. பிரெஞ்சு ராஜா. செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு” என்றார் அப்பாவிடம்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் குனிந்து, “இந்தப் படம் ஏது பாப்பா?” என்றார்.

அதுவரை என்னிடம் பெரியவர்கள் யாரும் எதையும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

“சித்தப்பா காரைக்கால்லேருந்து வாங்கியாந்தாங்க. அங்க அவங்க கூட்டாளி வூடு இருக்கு. மாதா கோயிலுக்குப் பின்னால. என்னைக்கூட ஒருதரம் கூட்டிட்டுப் போனாங்க” என்றேன்.

ஐந்தாம் நாள் சித்தப்பாவை அந்த வீட்டிலேயே பிடித்து, பிரெஞ்சு எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள்.

சேதி வந்த சாயங்காலம் சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். “அன்னிக்கு இன்ஸ்பெக்டர் உன்கிட்ட என்ன கேட்டாரு?” என்றாள். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் பெருமையாகச் சொன்னேன். பின்னிய கை பாதியில் நின்றது. பிறகு நுனிவரை பின்னி முடித்து, ரிப்பனும் கட்டிவிட்டாள்.

மறுவருஷம் சித்தப்பா ஜெயிலில் வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்துபோனார். உடலைக்கூடத் தரவில்லை. அப்பா ராஜா படத்தை அடுப்பில் போட்டார்.

சித்தி எங்களோடுதான் இருந்தாள். அதற்கு முன்பெல்லாம் பாலைக் கொட்டினால் காதைத் திருகுவாள், பாடம் படிக்காவிட்டால் தொடையில் கிள்ளுவாள். அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூட என்னைக் கடிந்ததில்லை. பிள்ளையில்லாத சித்திக்கு என்மேல் பாசம் கூடிவிட்டது என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.