மிஸ்டு கால் புரோகிராமும் மாடி அறைப் பெண்ணும்

வடக்குப்பட்டில் எங்கள் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு, மிச்சமிருந்த வீட்டில் நான் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்தேன். மெஸ் என்று போர்டெல்லாம் கிடையாது. கூடத்தில் இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். பரிமாற ஒரு பெண் இருந்தாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குழம்பை ஊற்றி நீட்டுவேன். நாலு பேர் எதிரில் நின்று பேச எனக்கு வராது. ஐந்தாவது வரை பள்ளிக்கூடம் போனேன், அங்கேயும் பதில் தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன்.

"ஆயா, உன் மூஞ்சிய ரேசன் கார்டுலதான் பாக்கணும் போலக்கீதே" என்று சாப்பிட வரும் ஒரு பையன் கேலி பண்ணுவான்.

மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தேன். அதில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. கான்ட்ராக்ட்தான். அந்த வருஷம் கம்பெனிக்குள்ளேயே ஒரு பரீட்சை வைத்து, தேறுகிறவர்களை பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறினால் அங்கேயே இரு, இல்லையென்றால் ஊருக்கு வா, மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு ஊருக்குப் போக இஷ்டமில்லை. வேலை விட்டு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். இதெல்லாம் எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் பின்னால் நடந்ததையெல்லாம் செய்தேன்.

எங்கள் தொழிலில் ஓ.டி. என்கிற ஓவர்டைம்தான் எமன். திடீரென்று லைனில் ஓ.டி. போட்டுவிட்டால் பாதிப் பேர் கம்பெனி கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுவார்கள். வடித்த சோறு அப்படியே நிற்கும். சரி என்று மறுநாள் குறைத்து வடித்தால் அன்றைக்குப் பார்த்து அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். ஒரு நாள் நான் மாட்டுத்தொட்டியில் சோறு கொட்டுவதை அவள் மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"ஆச்சி, சாப்பிட வாரவங்க ஒரு மிஸ்டு கால் குடுத்தா போதும்லா? அவங்களுக்குக் காசு செலவில்ல. எத்தன பேருன்னு கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லிரும்."

பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். சிம் கார்டு போட்ட ஒரு சின்னக் குச்சியை அதில் சொருகினாள். புரோகிராமை அவளே எழுதினாள். யார் எந்த ஷிப்ட், என்றைக்கு என்ன குழம்பு, வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. சாயங்காலம் திரையில் பெரிய எழுத்தில் ஓர் எண் வரும். அதைப் பார்த்து அரிசி அளப்பேன். மாட்டுத்தொட்டிக்குச் சோறு போவது நின்றது.

பென்னலூரில் மெஸ் வைத்திருக்கும் என் ஓர்ப்படி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, இதைக் கேள்விப்பட்டு வந்தாள். அவளுக்கு வாய் நீளம்.

"இன்னாக்கா, உனக்கு மட்டும் மிசினு தலைய எண்ணிச் சொல்லுது. நாங்க ஆக்கி ஆக்கி மாட்டுக்குக் கொட்டிகினு கெடக்கணுமா?"

"உனக்கும் வாங்கித் தரேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

வெறுங்கையோடு போய் உதவி கேட்க எனக்குக் கூச்சம். வாழைக்காய் பஜ்ஜியை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். ஓர்ப்படிக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்றேன்.

"இத அப்படியே தூக்கிக் குடுக்க முடியாது ஆச்சி. உங்க வெள்ளிக்கிழம, உங்க கொழம்பு எல்லாம் அதுக்குள்ள கலந்து கெடக்கு. மிஸ்டு கால எண்ணுத பாகத்த மட்டும் தனியா பிரிக்கணும். பிரிச்சுட்டா எல்லாருக்கும் ஆகும்."

"பிரிச்சுக் குடுத்துடேன் கண்ணு. புண்ணியமா போவும்."

"பிரிக்கது பெரிசில்ல. இங்கயே இருந்தா, கெட்டுப்போனா நீங்க ஒரு ஆளு கூப்பிடுவீங்க. வெளிய போயிட்டா ஊரே கூப்பிடும். அதுக்குன்னு ஒருத்தர் இருந்து பாத்துக்கிடணும்லா."

அவள் அன்றைக்கே சொன்னதுதான் பின்னால் நடந்தது. நான் தட்டை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பெரியவள் நிற்கிறாளே என்று அவளும் சரி என்றாள்.

பிரித்தெடுக்க அவளுக்குப் பல சாயங்காலங்கள் ஆயின. முடித்ததும், ஓர்ப்படிக்குக் கொடுத்ததோடு நிற்காமல் இன்டர்நெட்டிலும் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"யாரும் எடுத்துக்கலாம் ஆச்சி. உள்ள திறந்து பாக்கலாம், மாத்தலாம். மாத்தி அடுத்தவங்களுக்குக் குடுத்தா, மாத்துனதயும் திறந்து காட்டணும். அதான் சட்டம்."

"வெல இன்னா வச்ச?"

"வெலயே இல்ல."

"அப்ப உனக்கு இன்னா கெடைக்கும்?"

"ஏச்சு கெடைக்கும்" என்று சிரித்தாள்.

அதுவும் கிடைத்தது. யார் யாரோ எழுதினார்கள். வேலை செய்யவில்லை, எண் தப்பாக வருகிறது, எங்கள் போனுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று எழுதினார்கள். ரத்ததானம் செய்கிற பிள்ளைகள் எடுத்தார்களாம், தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் எடுத்தாராம். ஒரு நாள் மட்டும் மாடியிலிருந்து தடதடவென்று ஓடி வந்தாள். கோயம்புத்தூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அவள் செய்த தப்பைத் திருத்தி அனுப்பியிருக்கிறாராம். தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னதற்கு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

எழுதுகிறவர்களாவது தூரத்தில் இருந்தார்கள். அக்கம்பக்கத்து மெஸ்காரர்களும் வேன்காரர்களும் என் வாசலுக்கே வந்தார்கள். "உங்க வூட்டுப் பொண்ணு குடுத்ததாமே, கொஞ்சம் வரச் சொல்லுங்கம்மா" என்பார்கள். இல்லை, அவள் படிக்கிறாள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. "வருவா, இருங்க" என்று சொல்லிவிட்டு, சுண்டலோ பஜ்ஜியோ தட்டில் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவேன். நாளாக ஆக, தட்டைப் பார்த்ததுமே அவள் புத்தகத்தை மூடிவிடுவாள்.

"இன்னைக்கு யாரு ஆச்சி?"

ஒரு தடவை யாருமே வரவில்லை. புதிதாக முறுக்கு சுட்டேன், அவள் தின்னட்டுமே என்று எடுத்துப்போனேன். அதற்கும் புத்தகத்தை மூடினாள். "யாரும் வரல கண்ணு, சும்மாதான்" என்றேன். அவள் எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரம் போய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் முறுக்கில் கை வைத்தாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை. முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர்ப்படி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குச் சாப்பாடு போடப் புதிதாக ஒப்புக்கொண்டிருந்தாளாம். மிசினில் நேற்றிலிருந்து ஒரு கால்கூட விழவில்லையாம்.

"மொத நாளே சோறு பத்தலன்னா என் மானம் போவும்க்கா. அந்தப் பொண்ண அனுப்பு."

நாளைக்கு அவளுக்குப் பரீட்சை என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் ஓர்ப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சொந்தக்காரர்களிடமெல்லாம் போய், ஆயிரம் இருந்தும் ஒரு ஒத்தாசை செய்ய மனசில்லை என்பாள். அந்தப் பேச்சுக்குப் பயந்து நான் தட்டை எடுத்தேன்.

அந்தப் பெண் தட்டைப் பார்த்தாள், பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு யார் என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்தாள். புரோகிராமில் கோளாறே இல்லையாம். ஓர்ப்படி சிம்முக்கு ரீசார்ஜ் போடாமல் விட்டு அது செத்துப்போயிருந்தது. தான் எழுதியதில்தான் தப்பு என்று நினைத்து அவள் மத்தியானம் வரை தேடியிருக்கிறாள். கண்டுபிடித்த பிறகாவது வந்திருக்கலாம். மற்றவர்களுக்கும் இப்படி ஆகும், சிம் செத்தால் அதுவே எச்சரிக்கை கொடுக்கும்படி எழுதிவிடலாம் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தாள். அது அவள் குணம். அந்தக் குணம் தெரிந்தும் அனுப்பியவள் நான்.

அவள் தேறவில்லை.

"அந்த ஒரு நாளால இல்ல ஆச்சி" என்றாள், நான் கேட்காமலேயே. "கேட்டதெல்லாம் நான் பாக்காத பாடமாப் போச்சு."

பார்க்க எங்கே நேரம் விட்டேன் என்று எனக்குள் ஓடியது. அவள் ஒரு நாளைச் சொன்னாள். நான் மாடி ஏறிய அத்தனை சாயங்காலங்களையும் நினைத்தேன்.

கிளம்புவதற்கு முன் அந்தப் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கோயம்புத்தூர்க்காரரிடம் ஒப்படைத்துவிட்டாள்.

"மூஞ்சி தெரியாத ஆள நம்பியா குடுக்கற?"

"எழுத்து தெரியும்லா ஆச்சி. சுத்தமா எழுதுவாரு." துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "நீங்க சொல்லாட்டாலும் நான் பிரிச்சுத்தான் இருப்பேன். எனக்கே ஆச இருந்துச்சு."

இருந்திருக்கும். கோயம்புத்தூர்க்காரர் திருத்தி அனுப்பிய அன்றைக்கு அவள் ஓடி வந்த ஓட்டத்தை நான் பார்த்தேனே. ஆனாலும், அவள் சொன்னதை நம்பிக்கொள்வது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று நினைக்கும்போதே நம்ப முடியாமல் போகிறது. பிரித்துக் கொடுக்க ஆசைப்பட்டது அவளாகவே இருக்கட்டும். கேட்டவர்களிடமெல்லாம் "வருவா, இருங்க" என்று சொன்னது நான்தானே.

அழைத்துப்போக அவள் அப்பா வந்தார். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலைப் பிடிக்க வேண்டும், ஆட்டோ வெளியே நிற்கிறது என்று உட்காரக்கூட இல்லை. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"தெரியாத ஊர்ல எம் மகள பெத்த தாயி மாதிரி பாத்துக்கிட்டிய. தட்டுல வச்சு மாடிக்கே கொண்டாந்து குடுப்பியளாம், போன்ல சொல்லுவா. இந்தக் கடன எப்படித் தீக்கப் போறனோ."

எதற்காகத் தட்டு வந்தது என்பதை அவள் வீட்டில் சொல்லவே இல்லை. இப்போதாவது வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"ஆச்சிக்குப் புது ஆள்கிட்ட பேச வராதுப்பா" என்று அவளே எனக்காகச் சொன்னாள்.

அவர் சரி சரி என்று தலையாட்டி, இன்னும் கொஞ்சம் குனிந்து இன்னொரு தடவை கும்பிட்டார். பிறகு இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்கள்.