லாக்கில் எட்டு நாற்பது

திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அங்கே என்னால் ஒருவருக்கு நேர்ந்ததை இப்போதுதான் எழுதத் துணிகிறேன். வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அவர் எங்கள் ரத்த சேமிப்பு அறையில் டெக்னீஷியன். ஐம்பதை நெருங்கியவர். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து காலை எட்டு மணிக்கு வேலையில் ஏறுவார், மதியம் இரண்டு மணிக்குக் கிளம்புவார். எல்லோருக்கும் அவர் அக்கா. ஒன்பது, பதினொன்று, ஒன்று என்று மூன்று வேளை, ரத்தப் பைகள் இருக்கும் ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த நோட்டில் அடித்தல் திருத்தலை நான் பார்த்ததில்லை.

பழைய ஃப்ரிட்ஜ் பழுதாகிப் புதிதாக ஒன்று வாங்கினார்கள். அது தனக்கு நடப்பதையெல்லாம், கரண்ட் போனால்கூடச் சின்ன பேட்டரி ஒன்றின் துணையில், நெட்வொர்க் வழியாக ஒரு வரியாக எழுதி அனுப்பும். மருத்துவமனையின் மற்ற மெஷின்களும் அப்படித்தான் அனுப்பும், அதைத்தான் லாக் என்போம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஹெடர் என்று ஒரு பகுதி இருக்கும். எவ்வளவு அவசரம், எந்த நேரம், எந்த மெஷின் என்பதெல்லாம் அதில்தான். விஷயம் பிறகு வரும். இந்த ஹெடரைத் துண்டு துண்டாகப் பிரித்து, தினமும் காலையில் டாக்டருக்கு அறிக்கையாகக் கொடுக்கும் புரோகிராமை எழுதியவன் நான்.

எங்களிடம் அதுவரை இருந்த மெஷின்கள் எல்லாம் நேரத்தை எழுதிவிட்டு, அது இந்திய நேரம் என்று காட்ட +05:30 என்று ஒரு வாலையும் ஒட்டி அனுப்பின. எல்லா வரியிலும் அதே வால். அதனால் நொடிவரைக்கும் எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும்படி எழுதியிருந்தேன். புதுப் பெட்டி வந்ததும் அதையும் அதே புரோகிராமில் சேர்த்தேன். உள்ளே பைகளை அடுக்கிவிட்டார்கள் என்பதால் கரண்டை நிறுத்திச் சோதித்துப் பார்க்கவில்லை. சில மாதங்கள் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்தேன்.

ஒரு பௌர்ணமியன்று காலை அறிக்கையில் சிவப்பில் இரண்டு வரிகள் வந்தன. முந்தின நாள் எட்டு நாற்பதுக்கு ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் போயிருக்கிறது. எட்டு ஐம்பத்திரண்டுக்கு அலாரத்தை யாரோ கையால் அமர்த்தியிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் பெட்டி சூடாகவே இருந்து, பிறகு கரண்ட் வந்து தானாகக் குளிர்ந்துவிட்டது. கெட்டுப்போன ரத்தத்தை யாருக்கும் ஏற்ற முடியாது. டாக்டர் எல்லாப் பைகளையும் அப்புறப்படுத்தச் சொன்னார்.

அன்று மதியமே நிறைமாதப் பெண் ஒருத்தியை ரத்தப்போக்கோடு கொண்டுவந்தார்கள். கொடுக்க ரத்தம் இல்லை. வேலூருக்கு அனுப்பினோம். கிரிவலக் கூட்டத்துக்காகத் தெருக்களை அடைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஊரைத் தாண்டவே நெடுநேரம் ஆனது. தாய் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

மறுநாள் நிர்வாகியின் அறையில் விசாரணை. டாக்டர், நர்ஸ்களின் மேற்பார்வையாளர், என்னோடு இன்னும் சிலர். அக்கா நோட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒம்பது மணிக்குப் பார்த்தேன் சார். நாலு டிகிரி இருந்தது. என் கண்ணால பார்த்துதான் எழுதினேன்."

"அந்த நேரத்துல பெட்டியே ஆஃப்ல இருக்குதும்மா. நீங்க பாக்காமலே எழுதி வச்சிருக்கீங்க. அலாரம் அடிச்சதையும் நிறுத்தியிருக்கீங்க. அந்த ரூம்ல உங்களத் தவிர யாரு இருந்தா?" என்று கேட்டார் நிர்வாகி.

"அலாரமே அடிக்கல சார்."

நிர்வாகி என் பக்கம் திரும்பினார். "மெஷின்ல நேரம் தப்பா வர சான்ஸ் இருக்குதா?"

"இல்ல சார். தப்பா வராது" என்றேன். யோசிக்கவே இல்லை.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பிற்பாடு எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அவர் முகத்தில் இருந்தது குழப்பம். தன் கண்ணையே சந்தேகப்படத் தொடங்கியவரைப் போல நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்துத் தடுப்பூசி மருந்துகளுக்காக அதே கம்பெனியின் இன்னொரு ஃப்ரிட்ஜ் வந்தது. இந்த முறை காலியாக இருந்தபோதே சோதித்தேன். நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் அறைக்கு வந்தால், திரையில் காலை ஆறு முப்பது என்று இருந்தது. பெட்டியின் கடிகாரம் கெட்டிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு புரோகிராமுக்குள் போகாத அசல் வரியைத் திறந்தேன். நேரத்தின் பின்னால் +05:30 இல்லை. Z என்று ஒரே ஓர் எழுத்து. இது உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள் என்று அதற்கு அர்த்தம். அதையும் வால் என்று என் புரோகிராம் வெட்டி எறிந்திருக்கிறது.

பழைய லாக்கைத் தேடி எடுத்தேன். எட்டு நாற்பது, அதன் பின்னால் Z. அப்படியானால் கரண்ட் போனது மதியம் இரண்டு பத்துக்கு. அக்கா கிளம்பிப் போன பிறகு. அன்று மதியம் பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமென்று எலக்ட்ரீஷியன் ஒருவர் அந்த அறை இருக்கும் மாடியில் வயரிங் மாற்றிக்கொண்டிருந்தார். மதிய ஷிப்டுக்காரர் தாமதமாக வந்திருக்கிறார். அலாரம் சத்தம் பொறுக்காமல் எலக்ட்ரீஷியனே அமர்த்தியிருக்கலாம். அவர் ஒப்பந்தம் முடிந்து எங்கோ போய்விட்டார்.

நிர்வாகியிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"இப்ப சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

"அத்தோட விட்டுடு. அந்தம்மா போயாச்சு. கொழந்த போனவங்க வூட்ல தெரிஞ்சா மறுபடி பிரச்சனை ஜாஸ்தியாகும்."

எழுத்தில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலையைக் காயவைத்துக் காலால் துழாவிவிட்டுக்கொண்டிருந்தார். வேறு இரண்டு லேப்களில் வேலை கேட்டாராம். பொய்யாக எழுதினவள் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

நின்றபடியே சொன்னேன். ஒரு காகிதத்தில் அந்த வரியை எழுதி, எதை வெட்டினேன் என்று காட்டினேன். அவர் சட்டென்று புரிந்துகொண்டார்.

"அப்ப ஒம்பது மணிக்கு நான் நாலுனு எழுதினது?"

"சரிதாங்க அக்கா."

"பதினோரு மணிக்கு?"

"சரி."

"ஒரு மணிக்கு எழுதினதும்?"

"எல்லாமே சரிங்க அக்கா. நான்தான் தப்பு."

அக்கா வீட்டுக்குள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "தோ பாருங்க, கொஞ்சம் இங்க வாங்க." கணவர் வந்தார். "இந்தத் தம்பி சொல்றத நீங்களும் கேளுங்க" என்றார் அக்கா. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்ததும் அந்த மனிதர் மனைவியைப் பார்க்காமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு, கொல்லைப் பக்கம் நடந்துவிட்டார்.

"அவரும் ஒருநாள் கேட்டாரு" என்றார் அக்கா. "நெஜமாவே பார்த்துதான் எழுதினியான்னு. அன்னியிலருந்து எனக்கே தெரியல தம்பி. பார்த்தனா, பழக்கத்துல எழுதிட்டனா. அந்தக் கொழந்தைய நான்தான் கொன்னுட்டனோன்னு எத்தினி நாளு…"

"மன்னிச்சிடுங்க அக்கா."

"உனக்குத் தெரியாது, அது சரி. தெரியல சார், பார்த்துச் சொல்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? தப்பா வராதுன்னு இல்ல சொன்ன."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை நின்றார். "அன்னிக்கு ரூம்ல எத்தினி பேர் இருந்தாங்களோ அவங்க எல்லார்கிட்டயும் சொல்லு. வேற எனக்கு ஒண்ணும் வேணாம்."

எல்லோரையும் கூட்டிச் சொல்ல நிர்வாகி அனுமதிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "ச்சே" என்றார், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். மேற்பார்வையாளர் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "யாரு? ஓ, அந்தம்மாவா? பாவம்" என்று ரசம் சாதத்தைப் பிசைந்தார். ஒருவர் வேலையை விட்டுச் சென்னைக்குப் போயிருந்தார். அவருக்குப் போனில் சொன்னேன்.

எல்லோரிடமும் சொல்லிவிட்டதைத் தெரிவிக்க அக்காவின் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் கணவர். யாரென்று சொன்னேன்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்கண்ணா."

"சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு இரண்டு முறை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. அக்கா இருந்த இடத்துக்கு வேறு ஒரு பெண் வந்து வெகுநாள் ஆகிறது. நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.